அண்ணைக்குப் பதிலாகத் தம்பி

கொடிகாமத்தில் ரயிலேறி மூன்று பேர் எனக்கு எதிரே அமர்ந்தார்கள். சால்வை போட்ட ஒருவர், அவருடைய மனைவி, வெள்ளைச் சேலை உடுத்திருந்த அவருடைய அண்ணன் மனைவி.

"செத்தது அண்ணை. படத்துக்கு இருக்கப் போறது நான்," என்றார் சால்வைக்காரர், பெட்டி முழுவதற்கும் கேட்கும்படி.

நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டேன். அண்ணனை உயிரோடு இருந்தபோது யாரும் படம் பிடிக்கவில்லையாம். யாழ்ப்பாணத்துப் படக்காரர் தம்பியைப் படம் பிடித்து, மீசையும் நெற்றித் தழும்பும் அதில் வரைந்து, அண்ணனாக்கித் தருவாராம்.

"திவசத்துக்குத் திவசம் என்ரை மனுசன்ரை முகத்துக்கு மாலை போடுவியள். யமன் வந்து பாத்தால் ஆரைக் கொண்டு போவான்?" என்றார் மனைவி.

"மீசை வைச்சவனை," என்றார் கணவர்.

"பகிடி விடாதையுங்கோ."

"அப்பா எப்பிடி இருந்தவர் எண்டு பிள்ளை கேக்குது, தங்கச்சி. நான் எதைக் காட்ட?" என்றார் அண்ணன் மனைவி.

சால்வைக்காரரின் மனைவி அவர் பக்கம் திரும்பினார். "சரி அக்கா. படத்திலை கடுகடு எண்டு இருந்தால் அது உங்கடை மனுசன். மாலை போடுங்கோ. சிரிச்சால் அது என்ரை மனுசன். போட விடமாட்டன்."

"அண்ணை சிரிச்சதை ஆர் கண்டது?" என்று சொல்லிக் கணவர் முகத்தைக் கடுமையாக்கிக் காட்டினார். செத்தவரே எதிரே வந்து முறைத்ததுபோல அண்ணன் மனைவி சட்டென்று சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார்.

யாழ்ப்பாணம் வந்தது. இறங்கும்போது அண்ணன் மனைவி சால்வைக்காரரிடம் சொன்னார்.

"சிரியும், தம்பி. மாலை வேண்டாம். பிள்ளை பயப்பிடாமல் பாக்கட்டும்."