குழாய் பேசாத காலை

லினக்ஸ் கம்ப்யூட்டரில் வைஃபை வரவில்லை என்றால் பதற வேண்டியதில்லை, சார். பெரும்பாலும் டிரைவர்தான் காரணம். வைஃபை கார்டைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கிற சின்ன புரோகிராம் அது. அப்டேட் போட்டால் சில சமயம் கழன்றுகொள்ளும், மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும்.

எங்கள் குப்பத்துத் தகவல் மையத்தில் அந்த வேலையெல்லாம் நான்தான். காற்று எச்சரிக்கை வந்தால் கோயில் கம்பத்துக் குழாய் ஸ்பீக்கரில் போடுவேன். ஃபோனில் வருவதை எங்கள் ஆட்கள் நம்ப மாட்டார்கள். குழாய் பேசினால் கரையில் இருப்பார்கள். பேசாவிட்டால் காற்றில்லை என்று போட்டைத் தள்ளிவிடுவார்கள்.

கடலோடு சேரும் எங்கள் ஏரியில் யார், எங்கே, எந்த நாள் வலை கட்டலாம் என்று முறை இருக்கிறது. பாடு என்போம். நைனா செத்ததும் அவர் பாடு எனக்கு வந்திருக்க வேண்டும். பஞ்சாயத்து அதைத் தருமனுக்குக் கொடுத்தது.

"கீபோர்டு தட்ற கைக்கு பாடு இன்னாத்துக்கு?" என்றான் தருமன். எல்லோரும் சிரித்தார்கள். பாடு இல்லாதவனைக் கூட்டத்தில் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள். வைஃபை நின்றால் மட்டும் அதே வாய்கள் தீனா, தீனா என்று கூப்பிடும். உடம்பெல்லாம் எரிந்தது, சார். இப்போதும் எரிகிறது.

அன்று விடிகாலையில் வைஃபை போயிருந்தது. அப்டேட்டில் கம்ப்யூட்டரை ஓட்டுகிற கெர்னல் மாறியிருந்தது, பழைய டிரைவர் அதற்குப் பொருந்தவில்லை. பொருந்துகிறதை ஏற்றினேன். இணைப்பு வந்தது, எச்சரிக்கையும் வந்தது. பலத்த காற்று, கடலுக்குப் போகக் கூடாது என்று இருந்தது. படித்துவிட்டு அழித்தேன். டிரைவரையும் கழற்றிவிட்டேன். பிறகு யாராவது கேட்டால் காட்ட ஒரு கோளாறு வேண்டுமே.

பாடு இல்லாத நாட்களில் தருமன் கடலுக்குப் போவான். அன்றும் அப்படித்தான். அவன் மனைவி செவ்வந்தி மையத்து வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாண்ணா, குழாய் ஒண்ணும் சொல்லலியே. அவரு கெளம்பலாமா?"

வைஃபை வரவில்லை என்று சொல்லியிருந்தால் அவனை விட்டிருக்க மாட்டாள். "காத்து ஒண்ணும் இல்லம்மா, போவச் சொல்லு" என்றேன்.

தருமன் முகத்துவாரத்தில் பிணமாக ஒதுங்கினான். கூடப் போன அவள் தம்பி பிரதாப் இன்னும் கிடைக்கவில்லை. பிரதாப் மேல் எனக்குக் கோபமே கிடையாது. அவன் ஏன் போனான் என்றுதான் புரியவில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இன்ஸ்பெக்டர் சார். நீங்களும் பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தருமன் பாடு இப்போது சும்மாதான் கிடக்கிறது. முறைப்படி அது எனக்குத்தான் வர வேண்டும்.