மூணே மூணு ஆடு

ஹலோ... ஹலோ, மாதவியா?... அண்ணன்தான் பேசுறேன்... ஆமா ஆமா, கப்பல்லதான் இருக்கேன்... ஏறியாச்சு, காரோட ஏறியாச்சு. நடுக்கடல்ல இருக்கேன். லங்காவித் தீவு வந்துக்கிட்டே இருக்கு... சாப்பிடுறேன் சாப்பிடுறேன். நீ முதல்ல உட்காரு.

...எதுக்குன்னா? பொண்ணுக்கு அம்மா, நாளைக்குக் கல்யாணம், காலைலேர்ந்து நின்னுக்கிட்டே இருந்திருப்ப. உட்காரு... உட்கார்ந்துட்டியா?

...இல்ல, கதை இல்ல. சத்தியமா இல்ல. நம்ம அப்பா மேல... சரி, அப்பா வேணாம். போன தடவையும் அப்பா மேலதான் பண்ணேன்.

வாழை இலை இருக்கு பாரு... உஷ், கத்தாத, சொல்லி முடிக்க விடு. செமினியில நம்ம கூட்டாளி விஜயன் தோட்டத்துல நானே நின்னு அறுத்தேன். இலைக்கட்டு அத்தனையும், வாசல்ல கட்டுற ரெண்டு மரமும், குலையோட கார் மேல கட்டிக் கொண்டாந்தேன். டோல்ல நின்ன போலீஸ்காரன் இது காரா தோப்பான்னு கேட்டுட்டு சல்யூட் அடிச்சான்... சரி, சல்யூட் நான் சேர்த்தது. மத்ததெல்லாம் நிஜம்.

...இப்பவா? இப்ப இலை எங்க இருக்குன்னா... ஆட்டு வயித்துல இருக்கு.

ஹலோ?... ஹலோ, இருக்கியா?

...ஆடும்மா. ஆடு. நாலு காலு, ஒரு தாடி.

...கேளு. நான்தான் வரிசைல முதல் ஆளு. முதல்ல ஏறுனா முதல்ல இறங்கலாம்னு விடியறதுக்கு முன்னாடியே வந்து நின்னேன். உள்ள ஒருத்தன் விசில் வச்சிக்கிட்டு 'லாகி, லாகி'ங்கிறான். இன்னும் உள்ள போ, இன்னும் உள்ள போன்னு ஓரத்துல ஒட்டிட்டான். இந்தப் பக்கம் கப்பல் சுவரு. அந்தப் பக்கம் ஒரு லோரியக் கொண்டாந்து சொருகிட்டான். கதவு விரல் அளவுக்குத்தான் தொறக்குது. எல்லாரும் மேல போயிட்டாங்க. டிவி இருக்காம், ஏர்கோன் இருக்காம், கடல் தெரியுமாம். நான் கார்லயே இருக்கேன்... பின்பக்கமா? பின்பக்கம் பூரா உன் சீர்த் தட்டுதான். என் முட்டிய மடக்கி எந்தத் தட்டுல வைக்கிறது?

...லோரிலதான் ஆடு. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் போகுது. நான் ஜன்னல இறக்கி, புளிச்சோத்துப் பொட்டலத்தப் பிரிச்சேன். மேல மொறுக்கு மொறுக்குன்னு சத்தம். கப்பல்தான் பழசு, கழண்டுக்கிட்டு வருதுன்னு நெனச்சேன். நிமிர்ந்து பார்த்தா ஒரு வாய். வாய்ல உன் பந்தி.

...வெரட்டாமலா இருந்தேன்? ஹார்ன் அடிச்சேன். இன்னும் ரசிச்சு, மரத்தையும் சேர்த்துத் தின்னுது.

...ஆமா, தெரியும். அம்பாங் கல்யாணத்துக்கு லேட்டா வந்துட்டு மலைப்பாம்பு ரோட்டுல படுத்திருந்துச்சுன்னு சொன்னேன். ஒத்துக்கிறேன்... ஆமா, குறட்டை விட்டுச்சுன்னும் சொன்னேன்... ஆமா ஆமா, லோரிக்காரங்க இறங்கித் தாலாட்டுப் பாடுனாங்கன்னும் சொன்னேன். அது வேற மாதவி. அப்ப பாம்பே இல்ல. இப்ப ஆடு இருக்கு!

இரு, போன வெளிய நீட்டுறேன், நீயே கேளு... கேட்டியா?... என்னது, நான் கத்துறேனா? கோயில் விழாவுல சேவல் மாதிரி கூவுனேன், ஒரே ஒரு தடவ. ஆடு எனக்கு வராது!

...சரி, படம் அனுப்புறேன்... வந்துச்சா?... வாய் காலியா இருக்கா? தின்னு முடிச்சா காலியாத்தானே இருக்கும்... கார் மேல கயிறு மட்டும் தெரியுதா? அதான் லா ஆதாரம்!... கயித்த ஏன் விட்டுச்சா? பிளாஸ்டிக் கயிறு. ஆட்டுக்கு இருக்கிற அறிவு...

...என்ன சொன்ன? செமினியிலயே மறந்துட்டு வந்துட்டேனா?

...சரி. அப்படியே வச்சிக்க. மறந்துட்டேன். போதுமா?

...மாதவி?... ஏய், மாதவி, அழுறியா?... அழாத அழாத. மறக்கல. இப்ப சொன்னதுதான் பொய், ஆடு தின்னதுதான் நிஜம்... தெரியும், சம்பந்தி பழனியப்பன் ஒத்தக் கால்ல நிக்கிறாரு, இலை இல்லாம தட்டுல போட்டா அவங்க ஆளுங்க கை நனைக்க மாட்டாங்கன்னு. அதுக்குத்தானே செமினியிலேர்ந்து தூக்கிட்டு வந்தேன்... ஆமா, என்னை நம்பிக் கொடுத்த ஒரே வேலை... ஆமா... ஆமாம்மா.

இரு இரு, லோரிக்காரரு வந்துட்டாரு. மேல ஏறி ஆட்டுங்களுக்கு நடுவுல நிக்கிறாரு. பாய்! இங்க பாருங்க பாய், உங்க பிள்ளைங்க பண்ண வேலைய... அய்யோ, அவருக்கே முகம் சுருங்கிப் போயிடுச்சு. பர்வேஸாம் பேரு. பாய், இந்தாங்க, என் தங்கச்சி. நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க.

...

என்ன பாய், அதுக்குள்ள திருப்பிக் கொடுக்குறீங்க?... அட, என்ன சொன்னா?

மாதவி! அது நான் இல்ல! நான் எப்படி லா அந்தக் குரல்ல பேசுவேன்? அவருக்கு வயசு முப்பது!

...என்ன கேட்ட?... எத்தனை ஆடா? இரு, எண்ணுறேன். லோரில இருக்கிறதா, தின்னதா?... தின்னதுன்னா மூணு... மூணுதான்... ஆமா, மூணே மூணு. மத்ததெல்லாம் தலை எட்டாம பார்த்துக்கிட்டு நிக்குது.

...ஆமா... அதைத்தானே சொல்றேன்! கதையா இருந்தா அம்பதுன்னு சொல்லியிருப்பேன்ல?... ஆமா, ஒண்ணு பேசியும் இருக்கும்... ஆமா, உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கும்... சிரிக்காத. நம்புறியா?... அப்பாடா. நிஜத்துக்கு இவ்வளவு வேலை இருக்குன்னு எனக்குத் தெரியாம போச்சு.

இலையா? அதைச் சொல்லத்தான் பாய்கிட்ட போனக் கொடுத்தேன், நீ எங்க பேச விட்ட? அவரு வீடு லங்காவியிலதான். சம்சாரம் தஸ்லீமா வீட்டுக்குப் பின்னால வாழையா நட்டு வச்சிருக்காங்களாம். இறங்குனதும் என்னை நேரா அங்க கூட்டிட்டுப் போறாராம். இலையும் அறுத்துக்கலாம், குலை தள்ளின மரமும் ரெண்டு நிக்குதாம்... ஆமா, நாளைக்குக் கல்யாணத்துக்கும் வரச் சொல்லிட்டேன். பழனியப்பன் பக்கத்துல உட்கார வச்சிடு, பந்தியப் பார்க்கட்டும்... இல்ல, ஆடு வரல. அதுங்க சாப்பிட்டாச்சு.

...இறங்க நேரமாகும். முதல்ல ஏறுனவன் கடைசியா இறங்கணுமாம். இப்பத்தான் பாய் சொல்றாரு.

...என்னது?... கடலா?

...கடல் எப்படி இருந்துச்சா?

...அழகா இருந்துச்சும்மா. வெள்ளையா, சின்னதா ஒரு தாடி வச்சிக்கிட்டு, என்னையே பார்த்து மென்னுக்கிட்டே வந்துச்சு.

...ஹலோ?... ஹலோ, மாதவி?...

பாய், வச்சிட்டா. சிரிச்சுக்கிட்டேதான் வச்சா... ஏய், ஏய், பாய், அந்தத் தாடிக்காரனப் பிடிங்க, என் புளிச்சோறு!