சேலம் லோடு

போலீஸ் ஸ்டேஷன் டீ என்றாலும் நன்றாகத்தான் இருக்கிறது சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

நல்லம்பள்ளி மாம்பழக்கூழ் கம்பெனியில் எந்த லோடு எந்த வண்டியில், எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. கம்பெனிக்குச் சொந்த வண்டிகள் கொஞ்சம்தான். மீதிக்கு வாடகை லாரிகள். சேலம் லோடு தொப்பூர் மலையில் இறங்கியாக வேண்டும். அடிக்கடி விபத்து நடக்கிற இறக்கம் அது. அதனால் அங்கே வாடகை லாரியைத்தான் போடுவேன். நம் பையன்களை எப்படி அனுப்புவது?

போன மாதம் முதலாளி, சொந்த வண்டிகளை விற்றுவிட்டு எல்லா லோடையும் வாடகை லாரிகளுக்கே கொடுத்துவிடலாம் என்றார். நம் டிரைவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள். என் தம்பி மாதுவும்தான். வாடகை லாரியை நம்ப முடியாது என்று முதலாளிக்குப் புரிய வேண்டும். சொன்னால் கேட்கிற மனிதர் இல்லை அவர்.

அன்று காலை வாடகை லாரி ஓட்டும் ஆண்டோ வந்து நின்றான். "அண்ணே, பிரேக் செரியா புடிக்கலீங்க. இன்னிக்கு மட்டும் கம்பைநல்லூர் லோடு குடுங்கண்ணே. அப்படியே வூட்டுப் பக்கம் மெக்கானிக்கிட்ட காட்டிக்கறேன்."

நல்ல பையன். பொய் சொல்லமாட்டான். அதனால்தான் அவனைத் தேர்ந்தெடுத்தேன்.

கம்பைநல்லூருக்கு மாதுவை அனுப்பினேன். ஆண்டோவுக்குச் சேலம், முழு லோடு. "முடியாதுன்னா நாளையிலருந்து வரவேண்டாம்ப்பா" என்றேன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இறக்கத்திலிருந்து கூப்பிட்டான். "அண்ணே, வண்டி நிக்கலீங்கண்ணே. பயமா இருக்குது. லைன்லயே இருங்கண்ணே."

போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது. அவன் உடலைப் பள்ளத்திலிருந்து எடுத்ததாகப் பிறகு சொன்னார்கள். அவன் கடைசியாகப் பேசியது என் நம்பரில் என்று பார்த்துத்தானே நீங்களும் என்னைக் கூட்டிவந்தீர்கள்.

நினைத்தபடியே நடந்தது சார். முதலாளி வாடகை லாரிகளை அடியோடு நிறுத்திவிட்டார். நம் பையன்கள் யாருக்கும் வேலை போகவில்லை. ஆனால் சேலம் லோடு நிற்காதே. இன்று மாது போயிருக்கிறான். நான் போடவில்லை, முதலாளியே அனுப்பிவிட்டார்.

அதோ, உங்கள் மேஜையில் கவிழ்ந்து கிடக்கிற என் போன் அடிக்கிறது. மாதுவாகத்தான் இருக்கும். இந்நேரம் இறக்கத்துக்கு வந்திருப்பான். எடுங்கள் சார். பயந்த பையன் அவன், யாராவது லைனில் இருக்க வேண்டும். ஒருத்தன் அப்படிக் கூப்பிடும்போது சும்மா உட்கார்ந்திருக்க மனிதனால் முடியுமா?