ஒரு படி தவுடு

— மொதல்ல ஒக்காருங்க கோதண்டம் அண்ணா. நீங்க தலைக்கு மேல நின்னுகினே இருந்தா எனக்கு எழுத்து தெரிய மாட்டேங்குது.

— ஒக்காந்தா மட்டும் இன்னா மாறிடப் போவுது ஜெயகுமாரி? எங்க தாத்தா பேரு தணிகாசலம். அவரு நைனா பேரு பச்சையப்பன். அது கீதா இல்லியா, அத மட்டும் சொல்லு.

— இல்லண்ணா.

— நல்லா பாரும்மா. சித்தூருக்கு மூணு தபா நடையா நடந்து வாங்கியாந்த பொறப்பு நோட்டு நகலு. எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. நாலு நாளா பையிலயே வெச்சிகினு சுத்தறேன்.

— பாருங்கண்ணா, இருவது வருசமா இந்தத் தாலுக்கா ஆபீசு வாசல்ல மனு எழுதறேன். அந்தக் காலத்துல நம்ம திருத்தணி சித்தூர் ஜில்லாவுல இருந்துச்சி, கணக்கு பூரா தெலுங்குலதான். எங்க நைனா தெலுங்கு வாத்தியாரு. எனக்கே தெரியலன்னா இந்தத் தெருவுல வேற யாருக்கும் தெரியாது. தொள்ளாயிரத்தி இருவத்தெட்டாம் வருசம் உங்க ஊருல மூணு ஆம்பள கொழந்த பொறந்துருக்குது. எதுக்கும் அப்பா பேரு பச்சையப்பன் இல்ல.

— ஆடி மாசத்துல பொறந்தது எது?

— ஜூலை கடைசியில ஒண்ணு கீது. அப்பா பேரு சாமிநாதன். தொழிலு, ரோட்டுக்குக் கல்லு ஒடைக்கிற கூலி.

— அதுதான்! அதுதாம்மா எங்க தாத்தா!

— அண்ணா, சாமிநாதன்னு போட்டுருக்குது.

— ஆங், அப்படித்தான் போட்டிருக்கணும். நைனா சொல்லிகினே இருப்பாரு, நான்தான் கதன்னு நெனச்சிட்டேன். கேளும்மா. பச்சையப்பன் சம்சாரம் பாஞ்சாலி ஆயா. அதுக்குப் பொறந்த கொழந்த எல்லாம் பூடுச்சி, வரிசையா மூணு. நாலாவது தங்கணும்னா இன்னா பண்ணுவாங்க? மலைக்குக் கொண்டுபோயி, படிக்கட்டுல முறத்துல போட்டு வித்துடுவாங்க.

— கொழந்தயவா?

— பேருக்குத்தாம்மா. வேற ஒரு பொம்பள ஒரு படி தவுடு குடுத்து வாங்கிக்கும். வாங்கிகினு, "இது என் புள்ள, நீ வளத்துக் குடு"ன்னு சொல்லிப் பெத்தவ மடியிலயே திருப்பிப் போட்டுடும். அப்பறம் எமன் வந்தாலும், இது இந்த வூட்டுப் புள்ள இல்லன்னு திரும்பிப் பூடுவான். உங்க சர்ச்சுல இதெல்லாம் கெடையாது.

— சரி, அது மலையில நடந்தது. நோட்டுல எதுக்கு மாத்தி எழுதினாங்க?

— எமன் நோட்டப் பாத்துட்டான்னா?

— அண்ணா!

— சிரிக்காதம்மா. மூணு புள்ளய மண்ணுல போட்டவரு. நோட்டு எழுதற கிராம முன்சீப்பு கால்ல வுழுந்தாராம் பச்சையப்பன். வாங்கினவன் பேரையே அப்பன்னு எழுதிடுங்க சாமின்னு. சர்க்காரு நோட்டுல நெசம் இருந்தா எமனுக்குத் தெரிஞ்சிடாதா?

— எனக்கு எங்கண்ணா சிரிப்பு வருது, அழுவதான் வருது. எமன ஏமாத்தறேன்னு உங்க வூட்டு ஆளுங்களையே இல்லாம பண்ணிட்டாங்களே. உங்க பங்காளி டில்லிபாபு வக்கீலோட உள்ள ஒக்காந்துகினு கீறாரு. அவரு மனுவுல இன்னா சொல்லிருக்காரு? பச்சையப்பனுக்குப் புள்ளயே இல்ல, தணிகாசலம் எங்கியோ இருந்து வந்த ஆளு, பச்சையப்பன் தம்பி வகையறாதான் வாரிசு. பட்டா இன்னும் பச்சையப்பன் பேருலயே கீது. இந்தத் தாள அவரு கையில குடுத்தா, அவரே கேட்டு வாங்கின மாரி இருக்கும்.

— ஒன்றரை ஏக்கராம்மா. அந்தக் கெணறு எங்க நைனா வெட்டினது. வூடும் அதுலதான் கீது. மூணு தலைமொறையா உழுதது நாங்க. அவன் ஒரு நாளு களையெடுத்திருப்பானா?

— இத ஆபீசருகிட்ட சொன்னா காயிதம் கேப்பாரு. உங்க தாத்தா ஸ்கூல் சர்ட்டிபிகேட்டு?

— அவரு மாடு மேய்ச்சவரு.

— ரேஷன் கார்டும் ஓட்டர் லிஸ்ட்டும் நீங்க வாயால சொன்னத எழுதினதுன்னு வக்கீலு ஒரே வார்த்தையில தள்ளிடுவாரு. இந்தத் தவுடு கதைக்கு யாராவது சாட்சி இருக்காங்களா?

— யாரு இருப்பாங்க? தோ, நான் கீறேன். இன்னிக்கும் வருசா வருசம் ஆடிக் கிருத்திகைக்கு ஒரு படி தவுடு எடுத்துகினு மலைக்குப் போறேன். ஊரே பூக்காவடி எடுத்துகினு ஏறும், நான் தவுட்டு மூட்டைய எடுத்துகினு ஏறுவேன். முருகனுக்கா மயிலுக்கான்னு கேலி பண்ணுவானுங்க. பாஞ்சாலி ஆயா ஆரம்பிச்சது, வுட மனசு வர்ல.

— யாருகிட்ட குடுப்பீங்க?

— படிக்கட்டுல வெச்சிட்டு வந்துடறதுதான். அந்தக் காலத்துல ஒரு பொம்பள வந்து வாங்கிகினு போவுமாம். தாத்தாவுக்கு ஆறு ஏழு வயசு வரிக்கும். காலையிலயே வந்து படிக்கட்டுல ஒக்காந்துகினு இருக்கும். தவுட்ட முந்தானையில வாங்கும், தாத்தா கன்னத்த வழிக்கும், ஒரு வார்த்த பேசாம எறங்கிப் பூடும். அது போற வரிக்கும் பாஞ்சாலி ஆயா இவரு கைய வுடவே வுடாதாம். வலிக்குற மாரி புடிச்சிக்கும்னு தாத்தா சொல்லுவாரு.

— அப்பறம்?

— ஒரு வருசம் அந்தப் பொம்பள வர்ல. பொழுது சாயிற வரிக்கும் ஆயா காத்துகினு இருந்துச்சாம். சரி, அத வுடு. அந்த ரெண்டாவது தாளு இன்னா?

— அது சாவு நோட்டு. பச்சையப்பன் செத்த தேதிக்காக நான்தான் கேக்கச் சொன்னேன். அவரு பேரு வர்ற வரி எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துருக்காங்க. இருங்க. இருவத்தொண்ணாம் வருசம், பொண்ணு, இருவது நாளு. அப்பா பேரு பச்சையப்பன். இருவத்திமூணு, ஆணு, ரெண்டு மாசம். இருவத்தஞ்சி, ஆணு, பதினோரு நாளு.

— பாத்தியா! மூணும் கீது பாரு! நைனா சொன்னது அப்படியே கீது. இதையே காட்டலாம்மா. மூணு செத்தது நெசம்னா வித்ததும் நெசம்தான? எந்திரி, உள்ள போலாம்.

— அண்ணா, ஒக்காருங்க.

— இன்னா இப்ப?

— நாலு வரி கீது.

— பச்சையப்பன் செத்ததா இருக்கும்.

— இல்ல. இருவத்தெட்டு, ஆகஸ்ட்டு ரெண்டாந்தேதி. ஆணு. வயசு ஒம்போது நாளு. அப்பா பேரு பச்சையப்பன்.

— ஒம்போது நாளா?

— பொறந்தத எழுதறதுக்குள்ளயே செத்தத எழுதியிருக்காங்க போல. அண்ணா? தண்ணி குடிக்கிறீங்களா?

— அந்த நாலாவதுதான எங்க தாத்தா?

— எனக்குச் சொல்லத் தெரியலண்ணா.

— தப்பா எழுதியிருப்பான். முன்சீப்பு குடிகாரன்.

— இருக்கலாம். பாருங்கண்ணா, இந்த ரெண்டாவது தாள யாரும் கேக்கல. நான் மடிச்சி என் பையில வெச்சிக்கறேன். உள்ள போயி தவுடு கதைய மட்டும் சொல்லுங்க. தத்து எடுத்த புள்ளன்னு மொதல்லயே சொல்லியிருந்தா வேற வழி பாத்திருக்கலாம். பெத்த மகன்னு சத்தியம் பண்ணி மனுவுல நீங்க கையெழுத்துப் போட்டாச்சி, நானேதான் டைப் அடிச்சேன். ஆண்டவரே, அத இப்ப மாத்தவும் முடியாது.

— ஜெயகுமாரி.

— சொல்லுங்கண்ணா.

— தவுடு யாரு குடுக்கணும்?

— நீங்கதான சொன்னீங்க, வாங்கறவங்க.

— வாங்கறவங்கதான் குடுக்கணும். அப்பறம் ஏன்ம்மா எங்க ஆயா வருசா வருசம் தவுடு எடுத்துகினு போச்சி? அம்பது வயசாச்சி எனக்கு. பதினஞ்சி வருசமா நான் தூக்கிகினு போறேன். ஒரு நாளு, ஒரு நாளாவது இத யோசிச்சேனா? வித்தது நாங்க இல்லம்மா. நாங்க வாங்கினவங்க. கல்லு ஒடைக்கிற பொம்பள, வவுத்துக்கு இல்லாம ஒரு படி தவுட்டுக்குப் புள்ளயக் குடுத்துருக்குது. குடுத்துட்டு, மொகத்தப் பாக்கறதுக்குன்னு வருசத்துக்கு ஒரு தபா வந்து படிக்கட்டுல ஒக்காந்துருக்குது.

— அழுவாதீங்கண்ணா. எல்லாரும் பாக்கறாங்க.

— பாக்கட்டும். அந்தப் பொம்பள பேரு இன்னான்னு போட்டுக்கீது?

— அம்மா பேருக்கு இதுல கட்டமே இல்லண்ணா. அப்பா பேரு மட்டும்தான் கேட்டிருக்காங்க.

— ஊராவது?

— அதுவும் இல்ல. அண்ணா, உள்ள இருந்து கூப்புடறாங்க. "பச்சையப்பன் வாரிசு கோதண்டம்"னு. கேக்குதா? ரெண்டாவது தபா கூப்புடறாங்க. எந்திரிங்க, மொகத்தத் தொடைங்க, நான் கூட வர்றேன்.

— அப்படி ஒருத்தன் வர்லன்னு சொல்லிடும்மா.