சட்டை பட்ட பந்து

டெய்லரம்மா: ...கைய தூக்கு. இன்னும் கொஞ்சம். ஏம்மா, நீ போட்டுக்கினு இருக்கிற இந்த ப்ளவுஸ யாரு தெச்சது? சாக்கு மூட்ட தெக்கிறவனா?

வந்தவள்: விழுப்புரத்துல குடுத்ததுங்க.

டெய்லரம்மா: அதான பாத்தேன். அப்ப ஒரு ப்ளவுஸ் தெக்க விழுப்புரத்துலருந்து திண்டிவனம் வந்துக்கிற?

வந்தவள்: சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்தேன். அப்படியே...

டெய்லரம்மா: அப்படியே குச்சியால பந்து ஆடுற இந்த பூல் கிளப்பு மாடிப்படிக்கு அடியில இருக்கிற கடையா தேடிப் புடிச்சு வந்துட்ட.

வந்தவள்: போர்டு பாத்தேங்க.

டெய்லரம்மா: போர்டு போன மழையிலயே வுழுந்துடுச்சு கண்ணு. இன்னும் மாட்டல.

வந்தவள்: அது... யாரோ வழி சொன்னாங்க.

டெய்லரம்மா: வெக்கப்படாத. மேல ஆடுற பசங்களுக்குப் பொண்ணு குடுக்கிறவங்க எல்லாம் மொதல்ல என்கிட்டதான் வருவாங்க. கையில ஒரு ப்ளவுஸ் துணி, கண்ணு மட்டும் மாடிப்படி மேல. சொல்லு, யாரப் பத்தி விசாரிக்கணும்?

வந்தவள்: தென்னரசுன்னு ஒருத்தர். பேட்டரி, இன்வெர்ட்டர் சர்வீஸ் பண்றாராம்.

டெய்லரம்மா: தென்னரசா...

வந்தவள்: தெரியாதா?

டெய்லரம்மா: தெரியாம இன்னா! தெனம் இந்தப் படியிலதான ஏறி எறங்குது. நீ பொண்ணுக்கு இன்னா வேணும்?

வந்தவள்: அண்ணி. பொண்ணு பேரு மலர்விழி. ஸ்கேன் சென்டர்ல வேல பாக்குறா.

டெய்லரம்மா: அண்ணியா... கால்ல மெட்டியக் காணமே?

வந்தவள்: வெரல் வீங்கிக்கிச்சு. கழட்டி வெச்சிருக்கேன்.

டெய்லரம்மா: ரெண்டு கால்லயுமா?

வந்தவள்: ஆமாங்க. அந்தப் பையன பத்தி சொல்லுங்க.

டெய்லரம்மா: சொல்றேன், சொல்றேன். திரும்பி நில்லு, முதுகு எடுக்கணும். தங்கமான பையன். குடி கெடையாது, பீடி சிகரெட்டு கெடையாது.

வந்தவள்: பூல் கிளப்புக்குப் போறவரு குடிக்க மாட்டாருன்னா எங்க வீட்ல நம்ப மாட்டாங்களே.

டெய்லரம்மா: உங்க வீட்ல தேவசகாயத்த பாத்ததில்ல, அதான். கிளப்பு அவருதுதான். வாசன வந்தா ஏத்த மாட்டாரு. லுங்கி கட்டிக்கினு வந்தாலும் ஏத்த மாட்டாரு. அந்தப் பச்சத் துணி மேல டீ கிளாஸ வெச்சுட்டான்னு ஒரு வக்கீல பொங்கல் வரைக்கும் உள்ள வுடல. அந்த ஆளு கோட்டு போட்டுக்கினு வந்து இதே படியில நின்னு கெஞ்சினு இருந்தான்.

வந்தவள்: நீங்க மேல போயிருக்கீங்களா?

டெய்லரம்மா: நானா? இந்தப் படியில கால் வெச்சதே இல்ல. எல்லாம் காதாலதான். டொக்குன்னு கேட்டா பந்து குழியில வுழுந்துச்சு. 'ச்சே'ன்னு ஒருத்தன் கத்துனா வுழல. அந்தக் குச்சியால தரையில தட்டுனா எவனோ நல்லா ஆடிட்டான்னு அர்த்தம். அப்ப என் தலையில சுண்ணாம்பு கொட்டும்.

வந்தவள்: யாரு யாரு வருவாங்க?

டெய்லரம்மா: மல்லாட்டை மண்டியில வேர்க்கடல மூட்டைக்கு எட போடுறாரே பச்சைமுத்து, அவரு. குட்டியானை வண்டி ஓட்டுற கோபி. அப்புறம் ட்ரெயின வுட்டவங்க. அதுல பாதி பேரு இங்க ஆடுறதுக்காவே வேணும்னு ட்ரெயின வுடுறவங்க. தோத்தவன் எல்லாருக்கும் டீ வாங்கணும், அது அங்க சட்டம். ஒருத்தன் வூட்டுல சண்டன்னா இன்னொருத்தன் போய் சமாதானம் பேசுவான். பேசிட்டு வந்து அவனையே ஆட்டத்துல ஜெயிப்பான்.

வந்தவள்: பையனோட அம்மா எப்படி? ப்ரோக்கர் குடுத்த பேப்பர்ல கெங்கம்மாள், வீட்டு வேலன்னு போட்டிருந்துச்சு.

டெய்லரம்மா: வீட்டு வேலையா? அந்த அப்பாதுரைக்கு ப்ரோக்கர் கமிஷன் வாங்கத் தெரியுதே, ஒரு பேப்பர ஒழுங்கா... ம்க்கும். அந்தம்மாவ எனக்குக் கொஞ்சம் பழக்கம்.

வந்தவள்: எந்த மாதிரி?

டெய்லரம்மா: மாதிரி இன்னா மாதிரி! மருமகள தாங்குவா. கைத்தொழில் தெரிஞ்சவ. முகத்துல ஒரு களை. வாயிதான்... கொஞ்சம் ஜாஸ்தின்னு நாலு பேரு சொல்லுவாங்க. பொறாம.

வந்தவள்: சரிங்க. நான் கேக்க வந்தது வேற ஒண்ணு.

டெய்லரம்மா: இப்பதான் விஷயத்துக்கு வர்ற. கேளு.

வந்தவள்: விழுப்புரம் கிளப்புக்கும் திண்டிவனம் கிளப்புக்கும் போட்டி நடந்துச்சே. கடைசி ஆட்டத்துல இவரு ஒரு பொண்ணுகிட்ட தோத்தாருன்னு...

டெய்லரம்மா: ஆமா, ஆமா. ஊரே பேசிச்சே. எல்லாப் பந்தயும் போட்டுட்டான். கருப்பு ஒண்ணுதான் பாக்கி. அதையும் போட்டுட்டான். நம்ம பசங்க தூக்கி வெச்சு ஆட ஆரம்பிச்சுட்டானுங்க. இவன் கைய தூக்கி, 'பவுலு, என் சட்ட அந்தப் பொண்ணோட பந்துல பட்டுச்சு'ன்னுட்டான். பவுல் பண்ணிக்கினு கருப்ப போட்டா ஆட்டமே போச்சாமே? கப்பு அந்தப் பொண்ணுக்குப் போயிடுச்சு. ஏதோ செவப்புப் பந்தாம்...

வந்தவள்: செவப்பு இல்ல. மஞ்சக் கோடு போட்டது.

டெய்லரம்மா: ஓஹோ.

வந்தவள்: மலர்விழி... மலர்விழிதான் சொன்னா. அந்த ஆட்டத்துல ஆடுனது அவதான்.

டெய்லரம்மா: அட! அந்தப் பொண்ணா இந்தப் பொண்ணு!

வந்தவள்: சட்ட பட்டத யாருமே பாக்கல. அம்பயர் பாக்கல. எதிர்ல நின்ன மலர்விழியும் பாக்கல. மெய்யாலுமே பட்டுச்சா?

டெய்லரம்மா: கண்ணு, உன்கிட்ட சொல்றதுக்கு இன்னா... கிட்ட வா. பட்டுச்சாவது! அந்தப் பொண்ணு அவ்ளோ ஆம்பளைங்களுக்கு நடுவுல ஒத்தையா நின்னுக்கினு இருந்துச்சாம். கருப்பு வுழுந்ததும் அதும் முகம் சுருங்கிடுச்சாம். அத பாக்க இவனுக்கு மனசு வரல. சட்ட பட்டுச்சுன்னு ஒரு சாக்க சொல்லி குடுத்துட்டான். கப்பையே குடுத்துட்டான்! எந்த ஆம்பள செய்வான்? அப்படி ஒரு எளகுன மனசு.

வந்தவள்: குடுத்துட்டாரா?

டெய்லரம்மா: இன்னாம்மா? சிரிப்பன்னு பாத்தேன்.

வந்தவள்: துணிய குடுங்க.

டெய்லரம்மா: அளவு இன்னும் முடியல.

வந்தவள்: முடிஞ்சிடுச்சுங்க. இந்த சம்பந்தம் வேணாம்னு இன்னிக்கே ப்ரோக்கர்கிட்ட சொல்லிடுறோம்.

டெய்லரம்மா: ஐயய்யோ, ஏன்? நான் நல்லதுதான சொன்னேன்!

வந்தவள்: நல்லதா? விழுப்புரம் கிளப்புல ஒரே பொண்ணு அவ. வேல முடிஞ்சு ஆடப் போனா, வேடிக்க பாக்குறதுக்குன்னே பத்து பேரு வருவான். 'பொண்ணாச்சே, வுட்டுக் குடுங்கப்பா'ன்னு கேலி பண்ணுவான். வாயத் தொறக்காம ஆடி ஆடி அத்தன பேரையும் ஜெயிச்சுதான் அந்த டேபிளுக்கே வந்தா. அன்னிக்கு ஜெயிச்ச பெறகும் அதே பேச்சு. 'திண்டிவனத்தான் பாவம் பாத்தான்டா'ன்னு. கப்ப வீட்ல எடுத்துக்கூட வெக்கல. அட்டப்பொட்டியோட கெடக்குது.

டெய்லரம்மா: அது தெரியாம...

வந்தவள்: ஆட்டத்த பிச்சயா போட்டுட்டு, அடுத்த மாசமே பொண்ணும் கேட்டு அனுப்புறாரு. கப்புக்கு வெல பொண்ணா?

டெய்லரம்மா: ஏ... நில்லு, நில்லு! குடுக்கல. அவன் குடுக்கவே இல்ல. நான் சும்மா சேத்து சொன்னேன். சட்ட மெய்யாலுமே பட்டுச்சு.

வந்தவள்: இப்பதான் பட்டுச்சாவதுன்னீங்க.

டெய்லரம்மா: அது பொய்.

வந்தவள்: இது?

டெய்லரம்மா: இது நெசம். எங்கொலசாமி மேல...

வந்தவள்: சத்தியம் பண்ணாதீங்க. எதுக்கு அது? ஒரே வாயால ரெண்டும் சொல்றீங்க. நான் எத எடுத்துக்குறது?

டெய்லரம்மா: பின்ன இன்னாதான் பண்ண சொல்ற?

வந்தவள்: நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். நானே மேல போய் கேட்டுக்குறேன்.

டெய்லரம்மா: மேலயா? எல்லாம் ஆம்பளைங்கம்மா!

வந்தவள்: பந்துதான ஆடுறாங்க. வழிய வுடுங்க.

டெய்லரம்மா: பேஜாரு பண்ணாத கண்ணு. நான் சொல்றத... இதோ, கிளப்புக்காரரே எறங்கி வர்றாரு. போங்க ஐயா, நீங்க போங்க. டீக்கடைக்குத்தான? ஜல்தி போங்க!

தேவசகாயம்: டீக்கடைக்கு இல்ல, உன்கிட்டதான் வர்றேன் டெய்லரம்மா. ஒன் பைய...

டெய்லரம்மா: பையா? பை இன்னும் தெச்சு முடியல! நாளைக்கு வாங்க!

தேவசகாயம்: எந்தப் பை? நான் தென்னரசு சட்டைய பத்தி பேச வந்தேன். அதக் கொஞ்சம் பிரிச்சு வுடு தாயீ. கண்ணால பாக்க முடியல.

வந்தவள்: சட்டைக்கு என்னாச்சுங்க?

தேவசகாயம்: யாரும்மா நீ?

வந்தவள்: ப்ளவுஸ் தெக்க வந்தேன். சட்டைக்கு என்னாச்சு?

தேவசகாயம்: அத ஏம்மா கேக்குற! எங்க கிளப்புலயே நல்லா ஆடுறவன் அவன்தான். இப்ப அவனால டேபிளுக்கு அந்தாண்ட கைய நீட்ட முடியல. சட்ட அவ்ளோ டைட்டு. இப்ப பச்சைமுத்துகூட ஆடுறான். குனிஞ்சான், பட்டன் தெறிச்சு டேபிள் மேல உருண்டு போவுது. எது பந்து எது பட்டன்னு பச்சைமுத்து கேக்குறாரு.

வந்தவள்: ஏன் அவ்ளோ டைட்டா போடுறாரு?

தேவசகாயம்: விழுப்புரத்துல சட்ட பந்துல பட்டு தோத்துட்டானாம். நான் அன்னிக்கு போகல, சர்ச்சுல ஒரு கல்யாணம். மறுநாள் காலையில வந்தான். டேபிள்ல பந்து வெச்சு, அதே மாதிரி குனிஞ்சு நின்னுக்கினு, 'இங்கதான் தொங்குது, இங்கதான் பட்டுச்சு, குனிஞ்ச மேனிக்கே அளவெடு'ன்னு இந்தம்மாவ மேல கூப்புட்டு...

வந்தவள்: மேல? படியில கால் வெச்சதே இல்லன்னாங்களே?

தேவசகாயம்: யாரு, இவங்களா? சாக்பீஸும் குண்டூசியுமா வந்து, அவன் குச்சிய புடிச்சு குனிஞ்சிருக்க, சுத்திச் சுத்தி ஊசி குத்திக்கினு இருந்தாங்க. நாலு டேபிளும் ஆட்டத்த நிறுத்திட்டு வேடிக்க பாத்துச்சு. இருக்கிற சட்ட அத்தனையும் அப்படிப் புடிச்சாச்சு.

டெய்லரம்மா: ஒரே ஒரு தடவ போனேன். அதெல்லாம் ஒரு போறதா?

வந்தவள்: ஏங்க, அவரு எப்பவுமே... யாரும் பாக்காத பவுல அவரே சொல்லுவாரா?

தேவசகாயம்: அந்த சீக்குதாம்மா அவனுக்கு. குச்சி ரெண்டு தடவ பட்டுச்சும்பான். வெரலு ஒரசிடுச்சும்பான். கோபிகூட ஆடுனாலும் அப்படித்தான், என்கூட ஆடுனாலும் அப்படித்தான். எதிராளியே 'இல்லப்பா, படல, நீ ஆடு'ன்னு கெஞ்சுவான், கேக்க மாட்டான். தோத்தவன் டீ வாங்கணுமா, இவனால எதிர்ல இருக்கிற டீக்கடைக்காரன் மாடி வீடே கட்டிட்டான்.

வந்தவள்: பொண்ணுங்ககிட்ட மட்டும் இல்லயே?

தேவசகாயம்: பொண்ணுங்க எங்கம்மா இங்க வர்றாங்க? மீச வெச்சவங்களுக்குத்தான் இத்தன நாளா வுட்டுக்கினு இருக்கான். ஆங், இதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. அந்த சட்டைய மட்டும் பிரிச்சு வுடச் சொல்லு. நான் வர்றேன்.

டெய்லரம்மா: நெஞ்சளவு பாக்கி இருக்குது.

வந்தவள்: எடுங்க.

டெய்லரம்மா: அப்ப... துணி இங்கயே இருக்கட்டுமா?

வந்தவள்: இருக்கட்டும். நல்லா தெச்சு வைங்க.

டெய்லரம்மா: ப்ரோக்கர்கிட்ட இன்னா சொல்லப் போற?

வந்தவள்: ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வரச் சொல்லப் போறேன். ஆனா வீட்டுக்கு இல்ல. மொதல்ல விழுப்புரம் கிளப்புக்கு.

டெய்லரம்மா: கிளப்புக்கா? தட்டு எடுத்துக்கினா?

வந்தவள்: தட்டு கீழ காரிலயே இருக்கட்டும். அன்னிக்கு பவுல்ல முடிஞ்ச ஆட்டத்த திரும்ப முழுசா ஆடணும். அவரு ஜெயிச்சா கப்பு திண்டிவனத்துக்கு. தோத்தா நான் அட்டப்பொட்டியப் பிரிச்சு கப்ப எடுத்து கூடத்துல வெப்பேன். ரெண்டுல எது நடந்தாலும் அதுக்கப்புறம் காப்பி.

டெய்லரம்மா: சரிம்மா.

வந்தவள்: அப்புறம் அவரு சட்ட ஒண்ண பிரிச்சு, குனிய, நீட்ட தோதா தெச்சுடுங்க. தொங்கவும் கூடாது, புடிக்கவும் கூடாது. டைட்டு சட்ட போட்ட ஆளத்தான் ஜெயிச்சேன்னு இன்னொரு பேச்சு எனக்கு வேணாம்.

டெய்லரம்மா: எனக்குன்ற? ஆடப் போறது மலர்விழி. அண்ணி உனக்கு இன்னா வந்துச்சு?

வந்தவள்: நான் அண்ணி இல்லைங்க. மன்னிச்சுக்கோங்க. மலர்விழி நான்தான்.

டெய்லரம்மா: தெரியும் கண்ணு. நீ கடைக்குள்ள நொழையும்போதே தெரியும். ஊட்ல ஒருத்தன் போனுல உன் ஆட்ட வீடியோவப் போட்டுப் போட்டுக் காட்டி, நீ எந்தப் பந்துக்கு எந்தப் பக்கம் நிப்பன்னு எனக்கே மனப்பாடம். உன்ன உச்சி குளுர வெக்கலாம்னுதான் அந்தப் பொய்ய அவுத்து வுட்டேன். அவன் மேல ஒரு தப்பும் இல்ல, இந்த பவுலு என்னுது. அவன பெத்த கெங்கம்மா... நான்தான்.