செவ்வாயும் வெள்ளியும் சொந்த வேலை

எங்கள் ஆபீசில் பத்தே முக்காலுக்கு டீ வரும். நீங்கள் வாங்கிக் கொடுத்த டீ அதைவிட நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் தரணீதரன். முதலிபாளையத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையரிடம் பேசி ஆர்டர் வாங்கி, சரக்கு கப்பல் ஏறும்வரை கூடவே ஓடுகிற வேலை. எனக்கு மேலே கந்தவேலண்ணன். ஒன்றரை வருடமாக அவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் டயாலிசிஸ். முதலாளிக்குத் தெரிந்தால் பதவி போய்விடும் என்று பயந்து, காலண்டரில் 'சொந்த வேலை' என்று தலைப்புப் போட்டு, மையத்தின் முகவரியை யாரும் திறந்து பார்க்காத உள்பக்கத்தில் மட்டும் குறித்து வைத்திருந்தார். விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவர் மனைவி நித்யஸ்ரீ அக்காவும் நானும்.

அந்த இரண்டு மத்தியானமும் அவருடைய பையர்களிடம் நான்தான் பேசினேன். பேசியது நான், மெயிலில் பெயர் அவருடையது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன தீபாவளிக்கு முன்னால் ஓர் ஆர்டரில் கழுத்து அளவு தப்பிப் போய் நாலாயிரம் பீஸ் வீணானது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த அளவை அனுப்பியது அவர். முதலாளி மகுடேஸ்வரன், கட்டிங் செக்‌ஷனில் அத்தனை பேர் முன்னாலும் என்னை நிற்க வைத்து, "நீ சோறுதான திங்கறே?" என்று கேட்டார். கந்தவேலண்ணன் பக்கத்திலேயே நின்றார். வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் தனியாக வந்து, "மனசுல வச்சுக்காதீங்க தம்பி" என்றார். வைத்துக்கொண்டேன்.

ஜனவரியில் கம்பெனி ஒரு ஏஐ உதவியாளரை வாங்கியது. எல்லோருடைய காலண்டரையும் அதுவே பார்த்துக்கொள்ளும். நேரம் பார்க்க அதனிடம் ஒரு கருவி, பதிவு போட ஒன்று, பதிவை வேறு நாளுக்கு மாற்ற ஒன்று. எதை எப்போது எடுக்கலாம், எப்போது தொடக்கூடாது என்று ஒவ்வொரு கருவிக்கும் குறிப்பு எழுதித் தர வேண்டும். எங்கள் ஆபீஸ் நடப்பு அதற்குத் தெரியாது, குறிப்பில் இருப்பதுதான் தெரியும். எனக்கு எழுத வரும் என்று முதலாளி அந்த வேலையை என் தலையில் கட்டினார்.

மாற்றும் கருவிக்கு இப்படி எழுதினேன். 'பையர் அழைப்பு வந்தால், அந்த நேரத்தில் இருக்கும் சொந்த வேலையை அடுத்த காலி நேரத்துக்கு மாற்று. பதிவில் குறித்திருக்கும் இடத்துக்கும் தகவல் அனுப்பி நேரத்தை மாற்றிக்கொள்.' இதில் என்ன தப்பு? சீசனில் பையர்தான் முக்கியம், திருப்பூரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அவருடைய பையரிடம் இனி அவரே பேசட்டும் என்று நான் ஒதுங்கியும் கொண்டேன்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை டென்மார்க் பையர் மத்தியானம் பேச வேண்டும் என்றார். டயாலிசிஸ் வியாழனுக்குப் போனது. வியாழனும் அழைப்பு வந்தது, சனிக்குப் போனது. வெள்ளிக்கு உரியது திங்களுக்குப் போனது. வியாழன் காலையில் கந்தவேலண்ணன் எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, ஆஸ்பத்திரில எடமில்லையாட்ட இருக்குதுங்க. சனிக்கெழமன்னு காட்டுது. காலெல்லாம் வீங்கிப்போச்சுங்க. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

"பாத்துட்டேனுங்கண்ணா. எடமே இல்லீங்களாமா. ரெண்டு நாள்தானுங்களே, தண்ணி கொஞ்சம் கொறச்சுக் குடிங்க."

நான் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை, அவருடைய கட்டிலை எங்கள் ஏஐதான் மையத்துக்குத் தகவல் அனுப்பி விட்டுக்கொடுத்திருந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன், அவருக்கு வாய் இருந்தது. முதலாளியிடம் திறந்து சொல்லியிருக்கலாம். வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். வெள்ளிக்கிழமை மூச்சு வாங்க வாங்க பையரிடம் சட்டைக் கலரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரம். ஆறு மணிக்கே இறந்துவிட்டார். இழவு வீட்டில் நித்யஸ்ரீ அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பாத்துக்குவீங்கன்னு தைரியமா இருந்தாருங்க தம்பி" என்றார். நான் தலையாட்டினேன்.

அதோடு எல்லாம் முடிந்திருக்கும். நேரம் எப்படி மாறியது என்று முதலாளி கேட்டிருந்ததற்கு, நேற்று ஏஐயை விற்ற கம்பெனியிலிருந்து அறிக்கை வந்தது. 'சொந்த வேலை என்பதில் மருத்துவமும் அடங்குமா என்பது குறிப்பில் தெளிவாக இல்லை. ஆகவே உதவியாளர் தவறாகப் புரிந்துகொண்டது.' முதலாளி அதை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தார். "எழுதத் தெரியாதவங்கிட்டக் குடுத்தது என்னோட தப்பு" என்றார். மறுபடியும் அத்தனை பேர் முன்னால். எனக்கு எழுதத் தெரியாதாம் சார்.

அதனால்தான் வந்தேன். யாரும் எதையும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. சோதித்துப் பார்த்த முதல் நாளே அது எனக்கு ஒரு கேள்வி அனுப்பியது. இதோ, போனில் அப்படியே இருக்கிறது, படியுங்கள். 'இந்தப் பதிவு வாரம் இருமுறை டயாலிசிஸ் மையத்தில் வருகிறது. தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்தாகலாம். மாற்றும் முன் கந்தவேலிடம் கேட்கட்டுமா?'

கீழே இருப்பது என் பதில். 'மருத்துவமும் அடங்கும். கேட்க வேண்டாம்.'

இதில் எது சார் தெளிவாக இல்லை?