கடலில் நட்ட முருகைக்கல்

திருகோணமலையிலிருந்து வந்த பஸ் நாலந்தாவைத் தாண்டும்போது, முன் சீட்டில் இருந்தவர் மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்: "பவளப்பாறை அழிஞ்சுபோன கடல்ல நாமளும் முருகைக்கல் நட்டுட்டு வர்றோம்."

"கிழிச்சீங்க! நாம கரையேறினதும், நீங்க கம்பியில கட்டின முருகைத் துண்டையெல்லாம் நம்மள கூட்டிட்டுப் போன ஹோட்டல்காரன் அவுத்து, அடுத்து வந்தவங்க கையில நடக் குடுத்தான்."

"சும்மா சொல்லாத."

"நம்ம தோட்டத்துல மிளகுக்கொடிய காலையில நட்டு சாயங்காலம் பிடுங்கினா வேர் விடுமா? அதுவும் உயிருள்ளதுதானே?"

அவர் போனில் படத்தைத் தேடி நீட்டினார். "பாரு, நான் கட்டுறேன்."

அந்த அம்மா படத்தை விரலால் பெரிதாக்கினார்.

"உங்க முதுகுக்குப் பின்னால பாருங்க. நமக்கு முந்தி வந்தவங்க கட்டினத அவன் அவுத்துக்கிட்டு இருக்கான்."